திரவியம் அண்ணாச்சி வேண்டாம் என்று சொன்ன கிணறு

காலையில் நான் சோற்றுவாளியை எடுத்ததும் என் பெண்டாட்டி கலைச்செல்வி கேட்கிற முதல் கேள்வி, "இன்னைக்கு அண்ணாச்சி உண்டா?" என்பதுதான். உண்டு என்றால் அவள் பாட்டுக்கு அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிடுவாள். இல்லை என்றால் வாசல் வரைக்கும் வருவாள், நான் தெருமுனை திரும்புகிற வரைக்கும் நிற்பாள். இருபத்திரண்டு வருஷம் என்னோடு குடும்பம் நடத்தினவள். நான் உயிரோடு திரும்பி வருவேன் என்கிற நம்பிக்கையை என் மேல் வைக்காமல் இன்னொரு ஆள் மேல் வைத்திருக்கிறாள். எந்த ஆம்பளைக்குத்தான் பொறுக்கும்?

அந்த ஆள் பெயர் திரவியம். ஊர் திசையன்விளை. வயது ஐம்பத்தேழு. எங்கள் வேலை கிணறு வெட்டுவது, தூர் வாருவது. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் ஒரே லைன் வீட்டில் எங்களுடையது மூன்றாவது கதவு, அவருடையது ஐந்தாவது. நான் வன்னியராஜ், சங்கரன்கோவில் பக்கம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்தில் தப்பு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். சொல்வதில் தப்பு இல்லை.

திருவனந்தபுரத்தில் வீட்டுக்கு வீடு கிணறு. மண்வெட்டி பிடிக்க எவனாலும் முடியும். உள்ளே ஆளைக் கொல்வது தண்ணீர் இல்லை, காற்று. கண்ணுக்குத் தெரியாது. அதனால் இறங்குவதற்கு முன்னால் ஒரு மெழுகுதிரியை வாளிக்குள் கொளுத்தி வைத்துக் கயிற்றில் விடுவோம். பாதியில் அணைந்தால் கீழே காற்று கெட்டுக் கிடக்கிறது என்று அர்த்தம். வேப்பங்கொப்பைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் இழுத்துக் காற்றைக் கலக்கிவிட்டு, மறுபடி திரியை விட்டுப் பார்ப்போம்.

இதை நானும்தான் செய்கிறேன். ஆனால் அந்த ஆள் செய்தால் என்னமோ கோயிலில் பூசை நடக்கிற மாதிரி வீட்டுக்காரர்கள் வந்து நிற்பார்கள். அவர் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து குனிந்து பார்ப்பார். கேட்டதற்குப் பதில் சொல்லமாட்டார். பீடி பிடிக்கமாட்டார். கடைசியில் "எறங்கலாம்" என்பார், இறங்குவோம். "வேண்டாம்" என்பார், மண்வெட்டியைத் துடைத்து வைத்துவிட்டு பஸ் ஏறுவோம். பி.ஏ. படித்தவன், பட்டாளத்தில் பெரிய ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவன், எவனாக இருந்தாலும் அந்த ஒரு வார்த்தைக்கு மேல் பேசமாட்டான். அவருக்குச் சாயா கண்ணாடி கிளாஸில் வரும், கீழே சாசர் வைத்து. எங்களுக்கு ஸ்டீல் டம்ளர். பதினாறு வருஷமாக அந்த சாசரை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கேஸில்கூட அவருக்குத்தான் பேர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் போத்தன்கோட்டில் ஒரு கிணற்றில் உறை சரிந்து, கூட வேலை செய்த ஆளுக்கு இடுப்பு எலும்பு போய்விட்டது. காண்ட்ராக்டர் அன்றைக்கே ஆளைக் காணோம். ஸ்டேஷனில் "யார் எறங்கச் சொன்னது?" என்று கேட்டபோது இவர், "நான்தான்" என்றார். இரண்டு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். இன்னும் வஞ்சியூர் கோர்ட்டில் வாய்தா நடக்கிறது. ஒருதடவை நானும் கூடப் போனேன். வாசலில் சாயாக்கடைக்காரன், "திரவியம் சேட்டா, இதுவரைக்கும் தீர்ந்தில்லே?" என்று பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பெஞ்சைத் துடைத்துவிட்டான். என்னை யார் என்று கேட்க நாதியில்லை.

வீட்டுக்கு வந்து கலைச்செல்வியிடம் சொன்னேன், "கேஸ்ல மாட்டினவனுக்கு என்ன மரியாதைங்கிற!"

"மாட்டினதுக்கா மரியாதை? 'நான்தான்'னு சொன்னதுக்கு. நீங்களா இருந்தா சரிஞ்ச மண்ணு மேலயே பிராது கொடுத்திருப்பீக."

இப்படிப்பட்டவள் கையில் சோறு வாங்கித் தின்னுகிறேன்.

போன வருஷம் ஜூன் மாதம் மூன்று நாள் காற்றும் மழையும். கழக்கூட்டத்தில் ரத்னாபாய் அக்கா ஒரு லேடீஸ் ஹாஸ்டல் நடத்துகிறார், மார்த்தாண்டத்துக்காரி. கம்ப்யூட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிற பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேர். லைனில் மரம் விழுந்து கரண்டு இல்லை. தெருவில் ஓடின தண்ணீர் கைப்பிடிச் சுவர் ஏறி உள்ளே விழுந்து, கிணறு சாயா நிறத்தில் கிடந்தது. பிள்ளைகள் ஆபீஸ் பாத்ரூமில் போய்க் குளிக்கிறார்கள் என்று அக்கா அழாத குறை. தண்ணீரை இறைத்துத் தூரை வாரணும்.

அன்றைக்கு அண்ணாச்சிக்கு வாய்தா. விடியக்காலம் என் கதவைத் தட்டினார். "வன்னி, நான் பதினோரு மணிக்குள்ள வந்திருதேன். தண்ணிய எறைச்சு வைங்க. நான் வராம ஒருத்தரும் எறங்க வேண்டாம்."

"சரி அண்ணாச்சி" என்றேன். ஆனால் மனசுக்குள், இன்றைக்கு மூன்று மணி நேரம் நான்தான் மேஸ்திரி என்று ஒரு குதி.

கரண்டு இல்லாததால் பெட்ரோல் பம்பு வாடகைக்கு எடுத்திருந்தோம். தண்ணீர் நாற்பது அடி கீழே. மேலே வைத்தால் அவ்வளவு ஆழத்திலிருந்து அது உறிஞ்சாது. நான் ஒரு யோசனை செய்தேன். கிணற்றுச் சுவரில் பாதி ஆழத்தில் ஒரு படி வெட்டி விட்டிருந்தார்கள். பம்பைக் கயிற்றில் கட்டி அந்தப் படியில் உட்கார வைத்தேன். நானே அதுவரைக்கும் போய் ஸ்டார்ட் பண்ணிவிட்டு ஏறி வந்தேன். படி வரைக்கும் போவது இறங்குவதில் சேராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எட்டு மணியிலிருந்து, பத்தரைக்குப் பெட்ரோல் தீர்ந்து நிற்கிற வரைக்கும் ஓடியது. தண்ணீர் வற்றிச் சேறு தெரிந்தது. பம்பை மேலே இழுத்து வைத்தோம். அக்கா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "மிடுக்கன்தான் கேட்டியளா" என்று மெச்சினார். கூட வேலை செய்கிற செல்வின், ரெண்டு பிள்ளைக்காரன், அவன்கூட, "வன்னியண்ணே, அண்ணாச்சிக்கு இது தோணியிருக்காது" என்றான். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பதினோரு மணிக்கு அண்ணாச்சி வந்தார். கோர்ட்டுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார். திரியை விட்டோம். அடி வரைக்கும் போயும் ஆடாமல் அசையாமல் நேராக எரிந்தது. அவ்வளவு நல்ல சுடரை அந்த மழைக்காலத்தில் நான் பார்த்ததில்லை.

அவர் திரியைப் பார்க்கவில்லை. சுவரோரம் இருந்த பம்பைப் பார்த்தார். "இதை எங்க வச்சு ஓட்டினிய?"

"உள்ள. படியில."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டரை மணி நேரம்" என்றேன், பெருமையாக.

எழுந்து வேட்டியைத் தட்டினார். "இன்னைக்கு வேண்டாம்."

"திரி எரியுதே அண்ணாச்சி!"

"எரியட்டும். பெட்ரோல் புகை அங்க கெடக்கும். திரிக்கு அது தெரியாது."

ரத்னாபாய் அக்கா படியிறங்கி ஓடி வந்தார். "என்னவாக்கும் அண்ணாச்சி இது? விளக்கு எரிஞ்சா இறங்கலாம்னு நீங்கதானே சொல்லுவிய? நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கு நான் எங்க போயி தண்ணி கோருவேன்?"

"ரெண்டு நாள் பொறுங்கம்மா."

"ரெண்டு நாளா!" அக்கா அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "வன்னியண்ணே, நீங்க சொல்லுங்க. எறங்கலாமா, கூடாதா?"

பதினாறு வருஷத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் ஒருத்தர் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை.

"எறங்கலாம்க்கா" என்றேன். "நானே எறங்குதேன்."

அவர் சத்தம் போடுவார், கையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். போட்டால் போடட்டும், நானும் நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று தயாராகத்தான் இருந்தேன். அவர் கயிற்றை எடுத்து என் கக்கத்துக்குக் கீழே சுற்றி, தன் கையால் முடிச்சுப் போட்டார். இழுத்துப் பார்த்தார். இன்னொரு முடிச்சும் போட்டார். "பிடியை நான் விடமாட்டேன்" என்றார். அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது.

கீழே இறங்கினேன். ஒரு வாடையும் இல்லை. பாத்தியாடா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு சேற்றை வாளியில் அள்ளினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது வாளிக்கு நெற்றிப்பொட்டில் யாரோ உளி வைத்த மாதிரி இருந்தது. ஐந்தாவதில் முழங்கால் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி ஆடியது. ஆறாவது வாளியைக் கயிற்றில் மாட்டக் கொக்கி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, கண் முன்னால்தான் தொங்குகிறது. கயிற்றை ஆட்டினேனா, மேலே அவராக இழுத்தாரா, தெரியாது. வெளிச்சத்துக்கு வந்தேன்.

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். சிரித்தேன். "ஒண்ணுமில்ல. ஜம்முனு இருக்கு" என்றேன்.

ஒண்ணுக்குப் போகிற மாதிரி துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். வாயைக் கழுவிக்கொண்டு வந்தால், அக்கா சாயாவோடு நிற்கிறார். கண்ணாடி கிளாஸ். சாசர். அண்ணாச்சிக்கு ஸ்டீல் டம்ளர்.

சத்தியமாகச் சொல்கிறேன், தலை பிளக்கிற வலியிலும் அந்தச் சாயாவைப் போல ஒன்றை நான் குடித்ததில்லை.

குடித்து முடிப்பதற்குள் செல்வின் சட்டையைக் கழற்றிவிட்டான். "மிச்சத்தை நான் வாருதேன்ணே. நீங்க மேல நில்லுங்க."

"செல்வின், வேண்டாம்" என்றார் அண்ணாச்சி.

"வன்னியண்ணன் எறங்கி ஏறியாச்சுல்லா அண்ணாச்சி? திரியும் எரியுது. உங்களுக்கு வயசாகுது, பயம் வந்திட்டு. வேறென்ன?" சொல்லிவிட்டுச் சிரித்தான். அக்காவும் சிரித்தார். அண்ணாச்சி கறுத்துப்போனார். எத்தனையோ வருஷமாக நான் பார்க்க ஆசைப்பட்ட முகம் அது. கண்ணெதிரே இருக்கிறது.

செல்வின் கைப்பிடிச் சுவரில் ஏறி ஒரு காலை உள்ளே போட்டான். கயிறுகூடக் கட்டவில்லை, கயிற்றேணியைப் பிடித்தபடி இறங்கப் போகிறான். நான் சொன்ன 'ஜம்முனு' என்கிற ஒரு வார்த்தையை நம்பி. அவன் மூத்த மகள் அந்த வருஷம்தான் பள்ளிக்கூடம் சேர்ந்திருந்தாள்.

வாயைத் திறந்தால் போச்சு. சாயா போச்சு, மேஸ்திரி போச்சு, இந்த ஆள் மறுபடி மேலே ஏறிவிடுவார். அதையும் நினைத்தேன், இல்லை என்று சொல்லமாட்டேன். அவன் இரண்டாவது காலையும் தூக்கினான்.

"லேய், எறங்காத!" ஓடிப்போய் அவன் இடுப்புவாரைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் சகதியில் விழுந்தோம். "எனக்குக் கீழ தலை சுத்திச்சு. காலு ஓடல. அந்தக் கல்லுக்குப் பின்னால போய்ப் பாரு, வாந்தி எடுத்து வச்சிருக்கேன்."

அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "அடப் பாவி மனுசா! இங்க ஒரு பொணம் விழுந்தா போலீசு என்னைத்தானே பிடிக்கும்? ஹாஸ்டலுக்குச் சீல் வச்சிருப்பாவளே! இதுல உனக்குச் சாயா வேற!"

செல்வின் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை.

அண்ணாச்சி மட்டும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "எத்தனாவது வாளியில தலை சுத்திச்சு?" என்று கேட்டார். நாலு என்றேன். "உதட்டைக் காட்டு" என்றார். பார்த்துவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் ஆக்சிஜனை மாட்டிவிட்டார்கள். ரத்தத்தில் புகை ஏறியிருக்கிறது, இன்னும் பத்து நிமிஷம் கீழே இருந்திருந்தால் மேலே வந்திருக்கமாட்டான் என்று டாக்டர் மலையாளத்தில் அவரிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. அங்கேயும் அவர்தான் பெரிய மனுசன்.

சாயங்காலம் வரைக்கும் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவராகத்தான் ஆரம்பித்தார்.

அவர் சின்ன வயசில் குவைத்தில் இருந்தது எங்களுக்குத் தெரியும். தொண்ணூறில் சண்டை வந்து, பாலைவனம் வழியாக ஜோர்டான் போய் ஊர் திரும்பின கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். அன்றைக்குச் சொன்னது வேறு.

"எங்க பக்கம் கரண்டு போச்சு வன்னி. குண்டுக்குப் பயந்து கட்டடத்துக்கு அடியில படுத்திருந்தோம், ஆறு பேரு. ஒரு சின்ன ஜெனரேட்டர் இருந்தது. வெளிய வச்சா சத்தம் கேட்டுப் பட்டாளத்துக்காரன் வந்திருவான். அதனால உள்ள தூக்கிட்டு வந்து, கதவை அடைச்சு ஓட்டினோம். நான்தான் உள்ள வைக்கச் சொன்னது. நான் வாசல் இடுக்கு ஓரமா படுத்திருந்தேன். காலையில எந்திரிச்சா ரெண்டு பேரு எந்திரிக்கல. பட்டாளத்துக்காரன் அந்தத் தெருவுக்கே வரல. தூத்துக்குடிப் பையன் மாதா படத்துக்கு முன்னால வச்ச மெழுகுதிரி அப்பவும் நல்லா எரிஞ்சுக்கிட்டு இருந்தது."

நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். 'இதை முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா' என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. சொல்லியிருந்தாலும், பெருமைக்குச் சொல்கிறான் என்றுதான் நினைத்திருப்பேன்.

கரண்டு வந்த பிறகு, மூன்றாம் நாள் மறுபடி அந்த ஹாஸ்டலுக்குப் போனோம். அக்கா என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. செல்வினும் ஒட்டாமல்தான் நின்றான். ஊறியிருந்த தண்ணீரை ஹாஸ்டல் கரண்டு மோட்டாரில் இறைத்துவிட்டு, கொப்பை அடித்துக் காற்றைக் கலக்கினோம். ஊதுகிற மின்விசிறி ஒன்றை வாடகைக்குப் பிடித்து இரண்டு மணி நேரம் ஓட்டினோம். எல்லாம் அண்ணாச்சி சொல்லித்தான். கடைசியில் செல்வினுக்குக் கயிறு கட்டியாயிற்று. எல்லாரும் அவர் வாயைப் பார்த்து நின்றார்கள்.

அவர் என்னைப் பார்த்தார். அக்காவுக்குக் கேட்கும்படி சத்தமாகக் கேட்டார், "என்ன வன்னி, எறங்கலாமா?"

அக்கா திரும்பினார். செல்வின் திரும்பினான்.

இறங்கலாம் என்பது அந்த ஆளுக்கு அரை மணி நேரத்துக்கு முன்னாலேயே தெரியும். எனக்கும் தெரியும், அவருக்குத் தெரியும் என்பது. எனக்காகத்தான் கேட்கிறார். அந்த மரியாதையை நானாகச் சண்டை போட்டு வாங்கியிருந்தாலாவது ஒரு ரோசம் இருந்திருக்கும். இப்படி எல்லார் முன்னாலும் தட்டில் வைத்து நீட்டினால் ஒருத்தன் எப்படித்தான் வாங்குவான்? அதுவும் அந்த ஆள் கையிலிருந்து.

குனிந்து உள்ளே பார்த்தேன். அவசரப்படாமல் நேரம் எடுத்துக்கொண்டுதான் பார்த்தேன்.

"எறங்கலாம்" என்றேன். செல்வின் இறங்கினான். நான் கயிற்றைப் பிடித்தேன். வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.