திங்கட்கிழமைப் பல்

ரயில் வருவதற்குள் எங்கள் ஊர் சாம்பியன் ஸ்டேஷன் பிளாட்பாரத்தைச் சைலஸ் எட்டு முறையாவது நடந்து முடித்துவிடுகிறார். பெஞ்சு காலியாகத்தான் கிடக்கும். உட்கார மாட்டார். ஷூ லேஸை அவிழ்ப்பார், கட்டுவார். பையைத் திறந்து சாப்பாட்டு டப்பா இருக்கிறதா என்று பார்ப்பார், மூடுவார், மறுபடி திறப்பார். டப்பாவுக்குக் கால் முளைத்து ஓடிவிடுமா என்று கேட்டேன். "டப்பா இன்னாத்துக்கு சார் ஓடப்போவுது? நாந்தான் ஓடிருவேன்" என்றார். செவ்வாய் முதல் சனி வரை இதே மனிதர் அதே பெஞ்சில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, பேப்பரில் வரன் விளம்பரம் வரைக்கும் நிதானமாகப் படிக்கிறார். இந்தக் கூத்தெல்லாம் திங்கட்கிழமை ஒரு நாளைக்குத்தான்.

வயது நாற்பத்தொன்பது. கே.ஆர்.புரத்தில் பம்பு பாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். நான் அதே வண்டியில் கன்டோன்மென்ட் வரை போய் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். பதினோரு வருடமாக எதிரெதிர் சீட்டு. அவரைச் சோம்பேறி என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கே போவேன். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் எழுந்துவிடுவார். வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லைன் வீடுகளில் யார் வீட்டுக் குழாய் ஒழுகினாலும் கூப்பிடாமலே ஸ்பேனரோடு போய் நிற்பார். பிறகு ஆண்டர்சன்பேட்டை சர்ச்சில் பாட்டு. பிறகு சமையல், அன்றைக்கு மட்டும் மனைவி ஜூடித் கரண்டியைத் தொடக்கூடாது. சாயங்காலம் ஐந்து மணி வரை இப்படியே பறந்துகொண்டிருப்பவர், அதற்கு மேல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாராம்.

"அஞ்சு மணிக்கு வயித்துல ஒரு லேத்து ஓட ஆரம்பிச்சிரும் சார். அத நிறுத்த சுச்சு இல்ல."

"வேலை பிடிக்கவில்லையா?"

"வேல புடிக்கும். போறதுதான் புடிக்கல."

எனக்கு அது நன்றாகவே புரிந்தது. என் திங்கட்கிழமைகளும் ஒன்றும் வாழ்ந்துவிடவில்லை.

அவருக்குக் கண்டம் பங்காருபேட்டையில். வண்டி அங்கே கொஞ்ச நேரம் நிற்கும். சைலஸுக்கு நிற்கிற வண்டியில் உட்கார வராது. இறங்கி டீ குடித்தே ஆக வேண்டும். அந்த நேரம் பார்த்து எதிர்ப் பிளாட்பாரத்தில் மாரிக்குப்பம் போகும் வண்டி காலியாக நிற்கும். கையில் டீ, முன்னால் வீட்டுக்குப் போகும் வண்டி. போன வருடக் கடைசியில் ஐந்து திங்கட்கிழமைகள் அவர் அதில் ஏறிவிட்டார். எங்கள் வண்டி நகரும்போது ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். எதிர் வண்டியில் உட்கார்ந்து, எங்களைப் பார்க்காமல், அவிழாத லேஸைக் கட்டிக்கொண்டிருப்பார்.

ஐந்தாவது தடவைக்குப் பிறகு சூப்பர்வைசர் நாகேஷ் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், கத்தவில்லை; கன்னடம் கலந்த தமிழில்தான் பேசினார். "நோடு சைலஸ், உன் கை மாதிரி கை இங்க இல்ல. ஆனா இன்னொரு சோமவாரம் லேத்து சும்மா நின்னா, செவ்வாய்க்கிழமை அதுல வேற ஆளு நிப்பான்" என்று சொன்னாராம். இதை என்னிடம் சொல்லும்போது சைலஸின் முழங்கால் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. "நாப்பத்தொம்போது வயசுல எனக்கு வேற எவன் சார் லேத்து குடுப்பான்?"

அதற்கப்புறம்தான் அந்த யோசனை வந்தது. சனிக்கிழமை கிளம்பும்போது, இல்லாமல் முடியாத ஒரு பொருளைப் பட்டறை லாக்கரிலேயே விட்டுவிட்டு வருவது. அதை எடுக்கவாவது திங்கட்கிழமை போயாக வேண்டும் அல்லவா? முதலில் குடையை விட்டார். அந்த வாரம் மழையே இல்லை. வீட்டுச் சாவியை விட்டார்; ஜூடித் தன் சாவியால் திறந்துவிட்டாள். மூக்குக்கண்ணாடியை விட்டதில் சர்ச்சில் எல்லோரும் மூன்றாம் சரணத்தில் இருக்க இவர் மட்டும் நான்காவதைப் பாடினார். ஆனாலும் அந்தத் திங்கட்கிழமை பங்காருபேட்டையில் டீயோடு எதிர் வண்டியின் படி வரை போய்விட்டுத்தான் திரும்பினார். பிடி போதவில்லை.

அடுத்த சனிக்கிழமை பல்லை விட்டார்.

மேல் வரிசை முழுக்க அவருக்குப் பல்செட். கழற்றி, சோப்பு டப்பாவில் போட்டு, லாக்கரைப் பூட்டிவிட்டு வந்துவிட்டார். அது வேலை செய்தது. ஏழு திங்கட்கிழமைகள் தொடர்ந்து போனார். பொக்கை வாயைக் கைக்குட்டையால் மூடியபடி பங்காருபேட்டையில் இறங்குவார், டீயை ஊதாமல் குடிப்பார், ஓடி வந்து ஏறிவிடுவார். திங்கட்கிழமை எங்கள் பெட்டி முழுக்க முந்தின நாள் கறிக்குழம்பு வாசனைதான். டப்பா கைமாறி வரும்போது இவர் மட்டும் கறித்துண்டை ஒதுக்கிவிட்டு இட்லியைக் குழம்பில் ஊறவைத்துக்கொண்டிருப்பார். தானே சமைத்த ஞாயிற்றுக்கிழமைக் கறியையும் அவர் ஏழு வாரமாக மெல்லவில்லை. சிரிப்பாகவும் இருந்தது, நெஞ்சைப் பிசையவும் செய்தது.

ஏழாவது வாரம் மாட்டிக்கொண்டார். ஜூடித்தின் அண்ணன் மேக்ஸ்வெல் வீட்டில் பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம். எடுத்த போட்டோ அத்தனையிலும் சைலஸ் வாயில் கையை வைத்துக்கொண்டு துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி நிற்கிறார். பிரியாணியில் சோற்றை மட்டும் பொறுக்கினார். அதுவரை பொறுத்துப் பார்த்த ஜூடித் வீட்டுக்கு வந்ததும் சொன்னதை அவரே எனக்கு நடித்துக் காட்டினார்: "வேலைக்குப் போங்க, போவாதீங்க, அது உங்க இஷ்டம். பல்லு இல்லாம மட்டும் இனிமே வூட்டுக்கு வராதீங்க."

அடுத்து வந்த சனிக்கிழமை பல்லோடு வீட்டுக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை கறியை எலும்போடு கடித்துச் சாப்பிட்டாராம். அதற்கு மறுநாள் காலையில் பிளாட்பாரத்தைப் பன்னிரண்டு முறை நடந்தார்.

"இன்னா சைலஸ், லாக்கர்ல எதை வச்சிட்டு வந்தீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல சார். எல்லாம் எங்கிட்டயே கீது. அதான் பயமா கீது."

வண்டியில் ஏறியும் அவர் அடங்கவில்லை. ஜன்னலை ஏற்றினார், இறக்கினார். சீட்டுக்கட்டை நீட்டினார்கள், வாங்கி, கலைத்து, ஆடாமல் திருப்பிக் கொடுத்தார். பங்காருபேட்டை வந்தது. எதிர்ப் பிளாட்பாரத்தில் அந்த வண்டி நின்றுகொண்டிருந்தது, கதவெல்லாம் திறந்து, ஆளே இல்லாமல்.

"இன்னிக்கு ஒரு நாள் இறங்காதீங்க. டீயை நான் ஜன்னல்ல வாங்கித் தரேன்" என்றேன்.

"இப்டியே குந்திகினு இருந்தா கிறுக்கு புடிச்சிரும் சார். காலு கேக்காது."

வாசல் வரை போனார். கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிர் வண்டியைப் பார்த்தார். போய்விட்டார் என்றே நினைத்தேன். திரும்பி வந்தார். மற்றவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு கைக்குட்டையை வாய்க்குக் கொண்டுபோனார். பிறகு என் வலது கையை இழுத்து, சூடாறாத அந்தக் கைக்குட்டைப் பொட்டலத்தை உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடிவிட்டு, டீ குடிக்க இறங்கிப் போனார்.