மஞ்சள் பட்டி

நான் ஒருவனை போலீசுக்குக் காட்டிக்கொடுத்தேன். அவனுக்குப் பக்கத்தில் நின்றபடியே, அவனுக்காகப் பேசுகிறவன்போல நடித்துக்கொண்டு காட்டிக்கொடுத்தேன்.

எதற்காக என்று கேட்டால் சிரிப்பீர்கள். பியர் விழாவின் நுழைவுச்சீட்டு விலை!

சிரியுங்கள். எனக்கு இங்கே பெயரே பகிடிக்காரன்தான். இதை ஒருவரிடமும் சொல்லாமல் இத்தனை வருடம் பகிடி விட்டுக்கொண்டு திரிந்தேன்...

இங்கே சுவிஸில், லாங்கன்தால் என்ற ஊரில் வருடா வருடம் அந்த விழா. முதன்முதலில் போனபோது இருபத்தைந்து பிராங். அடுத்த தடவை முப்பத்தைந்து. நான் சொல்லும் வருடம் நாற்பத்தொன்பது. அதற்கு ஒரு குட்டிக் கிளாசும், பத்து வகைப் பியரில் கொஞ்சம் கொஞ்சமும். கோயிலில் தீர்த்தம்கூட இதைவிடத் தாராளமாக ஊற்றுவார்கள். விலை குறையுமா என்று வாசலில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். அவள் என் பின்னால் நின்றவரைப் பார்த்து "அடுத்தவர்" என்றாள்.

பலகையின் அடியில் இன்னொரு விலை இருந்தது. கார் ஓட்டிப் போகிறவர்களுக்குப் பதினைந்து பிராங். கையில் மஞ்சள் பட்டி கட்டிவிடுவார்கள்; கோலா மட்டும் குடிக்கலாம். குடிக்கிறவர்களுக்கு வெள்ளைப் பட்டி. நான் மஞ்சளுக்குக் கையை நீட்டினேன்.

என்னோடு வந்த சிவம் நாற்பத்தொன்பதைக் கொடுத்தான். எங்கள் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறவன், என்னைவிடப் பத்து வயது இளையவன். குடிக்கவே மாட்டான்.

"குடியாதவனுக்கு ஏன்ரா இவ்வளவு காசு?"

"கிளாசோடை ஒரு படம் வேணும் அண்ணை. ஊர் விழாக்களுக்குப் போறனியளோ எண்டு கெமைண்டேயிலை கேப்பினமாம். மஞ்சள் பட்டியோடை நிண்டா, இவன் ஒதுங்கி நிக்கிறான் எண்டு நினைப்பினம்."

சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தான்; அதை விசாரித்து முடிவு சொல்வது கெமைண்டே என்ற ஊராட்சி அலுவலகம். அவன் தாய் கனடாவில், தம்பி வீட்டில், படுத்த படுக்கை. அகதிப் பத்திரத்தோடு கேட்ட விசாவை இரண்டு தடவை மறுத்துவிட்டார்கள். சிவப்புக் கடவுச்சீட்டு கைக்கு வந்தால் அடுத்த விமானத்திலேயே போய்விடுவான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன் என்பதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

படம் எடுத்தோம். ஒரு மிடறு குடித்தான், முகம் கோணியது.

"கசாயம் அண்ணை. நான் ஊத்தப்போறன்."

நாற்பத்தொன்பது பிராங்கை மண்ணில் ஊற்றுவதா? என் மனம் கேட்குமா? எந்தப் பியரைக் கோலாவோடு கலந்தாலும் கறுப்புத்தான். அவன் போய் வாங்கி வருவான். நான் என் கோலாக் குவளைக்குள் மாற்றிக்கொள்வேன். ஒன்பது தடவை. விலை வைத்தவனைப் பழிவாங்குகிறேனாம்...

மாலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம்.

"சாவியைத் தாங்கோ அண்ணை, காரை நான் ஓடுறன்."

"வாசல்லை எங்கடை மைஸ்டர் நிக்கிறார். மஞ்சள் பட்டி கட்டினவன் பக்கத்திலை குந்தியிருந்தா என்ன நினைப்பார்? பேசாமல் ஏறு."

தொழிற்சாலையின் சாமான் வண்டியை ஓட்டுகிறவன் நான். மைஸ்டர்தான் என் மேலாள். அவருக்குக் கையைக் காட்டிவிட்டு, மூன்றாவது திருப்பத்தில் ஒரு வீட்டுத் தோட்டச் சுவரில் கொண்டுபோய் இடித்தேன்.

ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் என் மூளை அப்போது ஓடிய ஓட்டத்துக்குக் கார் ஓடியிருந்தால் ஜெனீவாவில் நின்றிருப்போம். லைசன்ஸ் போகும். லைசன்ஸ் போனால் வேலை போகும். முருகனைக் கூப்பிட்டேன், எதிரே தேவாலயம் தெரிந்ததால் மாதாவையும் சேர்த்துக் கூப்பிட்டேன். பிறகு சிவத்தைக் கூப்பிட்டேன்.

"நீ ஓடினதெண்டு சொல்லு. ஒரு மிடறுதானே குடிச்சனி, ஊதினாலும் ஒண்டும் காட்டாது."

"என்ரை பாஸ்போர்ட் அலுவல் அண்ணை..."

"சுவரிலை முட்டினதுக்கு ஆரடா பாஸ்போர்ட்டை மறிப்பான்?"

தொழிற்சாலையில் அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டவன் நான். அவன் இடம் மாறி உட்கார்ந்தான். வீட்டுக்காரி கதவைத் திறந்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

போலீஸ் வந்தது. சிவம் ஊதினான், ஒன்றும் காட்டவில்லை. நான் மூச்சுவிட்டேன். அப்போதுதான் அந்த இளம் போலீஸ்காரனின் கண் எங்கள் கைகளில் விழுந்தது. ஓட்டியவன் கையில் வெள்ளைப் பட்டி. பக்கத்தில் இருந்தவன் கையில் மஞ்சள்.

ஓட்ட வேண்டியவர் நீங்கள், ஏன் இவர் ஓட்டினார் என்று என்னிடம் கேட்டான். சுவிஸ்காரர் தங்களுக்குள் பேசும் கொச்சை ஜெர்மனில், வேகமாக. சிவத்துக்கு வகுப்பில் படித்த ஜெர்மன் மட்டும்தான் தெரியும்.

"என்ன கேக்கிறார் அண்ணை?"

எனக்கு என்ன நடந்தது? இன்றுவரை என்னையே கேட்கிறேன். வேறு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். தலை சுற்றியது என்றாவது சொல்லியிருக்கலாம். அதே கொச்சையில் நான் சொன்னது இது: "வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். சாவியைப் பறித்துக்கொண்டான். இவன் கொஞ்சம் முரடன்."

போலீஸ்காரன் எழுதிக்கொண்டான்.

"என்ன சொன்னனீங்கள்?"

"நல்ல பெடியன் எண்டு சொன்னனான்."

சிவம் போலீஸ்காரனைப் பார்த்துத் தலைகுனிந்து நன்றி சொன்னான். ஜெர்மனில்...

தண்டம் வந்தது. கட்டினான். சில மாதங்களில் கெமைண்டேயின் கடிதமும் வந்தது. அவனுடைய நடத்தை பற்றிய போலீஸ் அறிக்கை காரணமாக விண்ணப்பம் இரண்டு வருடம் தள்ளிவைக்கப்பட்டது. அலுவலக ஜெர்மன் அவனுக்குப் பிடிபடாது; என்னிடம்தான் வாசிக்கக் கொண்டுவந்தான். "சுவர் இடிச்சதுக்காம்," என்றேன்.

அந்தக் கடிதம் வந்த பதினோராவது மாதம் கனடாவில் அவன் தாய் இறந்துபோனார்.

முப்பத்தோராம் நாள் சாப்பாட்டை இங்கே ஒரு மண்டபத்தில் வைத்தான். அவனே என் இலைக்குச் சோறு போட்டான்.

"அண்டைக்கு நீங்கள் எனக்காகக் கதைச்சபடியாலை தண்டத்தோடை போச்சு அண்ணை. இல்லாட்டி வேலையும் போயிருக்கும்."

எதற்கும் ஒரு பகிடி வைத்திருக்கும் வாய் இது. அன்றைக்கு அதற்குள் சோறு இருந்தது. ஓம் என்று தலையாட்டினேன்.

உங்களுக்குச் சொல்லிவிட்டேன். அவனுக்குச் சொல்லவில்லை. சொல்வேன் என்று சத்தியம் பண்ணவும் எனக்குத் தைரியம் இல்லை.

இப்போதும் எந்த ஜெர்மன் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருகிறான். போன கிழமையும் ஒன்று கொண்டுவந்தான். ஒரு சொல்லும் மாற்றாமல் வாசித்துச் சொன்னேன். "நீங்கள் இருக்கேக்கை எனக்கென்ன பயம்," என்று சொல்லிவிட்டுப் போனான்.