பீரோ கதவில் எட்டு லட்சம்

"அண்ணா, வூட்டுக்கு வந்துகினு இருக்கேன்" என்று அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்துச் சீட்டு நண்பர் போன் செய்தார். வராதே என்று சொல்ல ஒரு சாக்கைத் தேடினேன். அது கிடைப்பதற்குள் அவர் போனை வைத்துவிட்டார்.

மகளுக்குச் சித்தூரில் ஒரு தனியார் இன்ஜினியரிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. செவ்வாய்க்கிழமைக்குள் முதல் வருடக் கட்டணத்தைக் கட்ட வேண்டும். பணம் ரெடிதானே என்று மனைவி வாரம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் ரெடி ரெடி என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். முதல் வருடத்துக்கு இருந்தது, இரண்டாம் வருடத்துக்கும் இருந்தது. அதற்கு மேல் இல்லை. ஏன் இல்லை என்பது ஐந்து வருடமாக எனக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

நண்பரும் நானும் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஒரே ஃபேக்டரி. நான் குவாலிட்டி, அவர் ஸ்டோர்ஸ். விடிவதற்கு முன்பே திருப்பதியில் கம்பெனி பஸ் ஏறினால் காளஹஸ்தி தாண்டும்போது வெளிச்சம் வரும், நாயுடுபேட்டையில் டிபனுக்கு நிற்கும். பன்னிரண்டு வருடமாக ஒரே சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போகிறோம். அந்த பஸ்ஸில் எனக்கு வாத்தியார் என்று பெயர். ஷேர் மார்க்கெட்டைப் பற்றி யார் என் வாயைக் கிண்டினாலும் விடமாட்டேன். டிபன் கடையில் இட்லி விலை எழுதிய பலகைதான் என் கரும்பலகை. 'நான் வேலைக்குச் சேர்ந்தபோது இந்த இட்லி என்ன விலை, இப்போது என்ன விலை? பேங்கில் போட்ட பணம் அப்படியே இருக்கும், வட்டியும் வரும். ஆனால் தட்டில் ஒரு இட்லி குறைந்திருக்கும். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து வேண்டிய பணத்தை மார்க்கெட்டில் மாதாமாதம் போடு. நடுவில் விழும். கையை வைக்காதே. தேவைக்கு ஒரு வருடம் முன்பே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து பேங்கில் வை.' கேட்பவர்கள் தலையாட்டுவார்கள், சாம்பாரை ஊற்றிக்கொண்டு போய்விடுவார்கள். உண்மையிலேயே கேட்டவர் என் பக்கத்துச் சீட்டுக்காரர் ஒருவர்தான்.

பஸ்ஸில் பழகிய முதல் வருடமே இருவரும் ஒரே மாதம் ஆரம்பித்தோம். மாதம் ஐயாயிரம், ஒரே மியூச்சுவல் ஃபண்ட். அவருக்கும் என் மகள் வயதில் ஒரு மகன். அதற்கு முன்பே நானும் மனைவியும் சித்தூர் போயிருந்தபோது அந்தக் கல்லூரி ஆபீசில் நுழைந்து கட்டணம் விசாரித்திருந்தோம். ஹாஸ்டலோடு நாலு வருடத்துக்கு எட்டு லட்சம் என்றார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இப்போதே விசாரணையா என்று அங்கே இருந்தவர் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பீரோ கதவின் உட்பக்கத்தில் மார்க்கரால் எட்டு லட்சம் என்று எழுதிவைத்தாள். புடவை எடுக்க பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும்.

கொரோனா வந்தது. ஃபேக்டரியை மூடினார்கள், பாதிச் சம்பளம் என்று மெசேஜ் வந்தது. மார்க்கெட் தினமும் விழுந்தது. நான் பாத்ரூமில் போய் போனைப் பார்ப்பேன். ஆறு லட்சமாக இருந்தது ஐந்தானது, பிறகு நாலானது. ஒரு மதியம் போட்ட பணத்துக்கும் கீழே போனது. என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. மொத்தத்தையும் விற்றேன். விற்றதும் மூச்சு விட முடிந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. ஒரு மணி நேரம் கழித்து நண்பர் போன் செய்தார். எடுத்துவிடலாமா அண்ணா என்றார். எடுக்காதே தம்பி, எல்லாம் திரும்பி வரும் என்றேன். வாத்தியார் வேஷத்தைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னும் விழட்டும், அப்போது திரும்ப வாங்கலாம் என்று காத்திருந்தேன். விழவில்லை. ஏறியது. கொஞ்சம் இறங்கினால் வாங்கலாம் என்று காத்திருந்தேன். இன்னும் ஏறியது. கடைசியில் பணத்தை ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட்டேன், மாதாமாதம் போட வேண்டியதையும் பேங்கிலேயே கட்டினேன். மனைவி எப்போதாவது எவ்வளவு ஆச்சு என்பாள். ஆறரை என்பேன், ஏழு என்பேன், போன வருடம் எட்டு தாண்டிவிட்டது என்றேன். ஒரு ரூபாய்கூடப் பொய் இல்லை. பீரோ கதவைப் பார்த்து அவள் சந்தோஷப்பட்டாள். இட்லி விலையை ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவன், கல்லூரிக் கட்டணமும் அதே மாதிரி ஏறியிருக்கும் என்பதைத் தெரிந்தே விழுங்கினேன். அந்த எட்டு லட்சத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள எனக்கு வசதியாக இருந்தது.

இந்த வருடம் கல்லூரியில் கொடுத்த காகிதத்தில் நாலு வருடத்துக்குப் பதினாறு லட்சம் என்று இருந்தது. அதைப் பார்த்தும் மனைவி பயப்படவில்லை. நான் சொன்ன எட்டு பேங்குக்கு மாற்றியது, மிச்சம் எட்டு இன்னும் மார்க்கெட்டில் இருக்கும் என்று அவளாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். நான் திருத்தவில்லை.

நண்பர் வாழைப்பழமும் ஸ்வீட் பாக்கெட்டுமாக வந்து உட்கார்ந்தார். மழையைப் பற்றிப் பேசினேன், பஸ் டிரைவர் மாறியதைப் பற்றிப் பேசினேன். அவர் விடவில்லை. போனை எடுத்து என் மனைவியிடம் நீட்டினார். மகனுக்கு நாலு வருடக் கட்டணமும் எடுத்து வைத்தாயிற்று, எல்லாம் அண்ணன் போட்ட பிச்சை என்றார். அவள் வாங்கிப் பார்த்தாள். பதினேழு லட்சம்.

"நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாதான ஆரம்பிச்சீங்கோ?" என்று அவரைக் கேட்டாள்.

"ஒரே மாசம், ஒரே துட்டுதான் அண்ணி."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். உள் அறையில் மகள் ஹாஸ்டலுக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். இனி ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னாலும் இந்த வீட்டில் நான் நிமிர்ந்து நடக்க முடியாது என்று தோன்றியது. சொன்னேன். பாத்ரூமில் ஒளிந்து போனைப் பார்த்தது, அன்றைக்கு மதியம் விற்றது, இவர் போன் செய்ததற்கு ஒரு மணி நேரம் முன்பு விற்றது, இப்போது கையில் எட்டே முக்கால்தான் இருப்பது, எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

நண்பர்தான் முதலில் பேசினார். "நீங்க எடுக்கலன்னுதான் அண்ணா நானும் எடுக்கல."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மனைவி என்னைக் கேட்கவில்லை. பாதிச் சம்பளத்தில் எப்படித் தாங்கினீர்கள் என்று அவரைக் கேட்டாள். பைக்கை விற்றதாகச் சொன்னார். நாலு மாதம் கேழ்வரகுக் களிதான், பசங்க முகம் சுளிப்பாங்க, ஆனாலும் துன்னுவாங்க என்றார்.

"நாங்களும் துன்னிருப்போம்" என்றாள் அவள். "எங்கள யாரும் கேக்கல."

ஞாயிறு முழுக்க, திங்கள் முழுக்கப் பேச்சில்லை. தட்டு வந்தது, தண்ணீர் வந்தது. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை மகளோடு சித்தூர் போனோம். முதல் வருடக் கட்டணத்தைக் கட்டினோம். இரண்டாம் வருடத்துக்கு டெபாசிட் இருக்கிறது, மிச்சத்துக்கு பேங்கில் படிப்புக் கடன் கேட்டிருக்கிறோம். அவ்வளவையும் மகளுக்கு நானே வாயால் சொன்னேன். சரி நைனா என்றாள். அவளை ஹாஸ்டலில் விட்டுவிட்டுத் திரும்பும் பஸ்ஸில் மனைவி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். ரொம்ப தூரம் வந்த பிறகு போனைக் கேட்டாள். மறுபடி மாதம் ஐயாயிரம் ஆரம்பிக்கணும், நம் கடைசிக் காலத்துக்கு என்றாள். அதற்கு இன்னும் பதினைந்து வருடம் இருக்கிறது. அவள் பெயரிலேயே ஆரம்பித்தோம். பாஸ்வேர்டை அவளே வைத்தாள், எனக்குத் தெரியாதபடி போனைத் திருப்பிக்கொண்டு.

பிறகு கேட்டாள். "மறுபடியும் வுழும் இல்ல?"

"வுழும்."

"எனக்கும் அப்போ பயமாதான் இருக்கும்" என்றாள். "ரெண்டு பேரும் சேர்ந்து பயப்படலாம். பாத்ரூமுக்குப் போவாதீங்க."