உரச்சாக்கில் வந்த மூன்று கியூப்

தேனியில் ஒரு தனியார் சோதனைக்கூடத்தில் பதினோரு வருடமாகக் கான்கிரீட் கியூப் உடைக்கிறேன். கட்டடத்துக்கு ஊற்றுகிற அதே கலவையில் கொஞ்சம் எடுத்து, அரையடி இரும்பு அச்சில் குத்தி நிரப்பி, இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறப்போட்டுக் கொண்டுவருவார்கள். நான் அதை மெஷினில் வைத்து நசுக்குவேன். எவ்வளவு பாரத்தில் உடைகிறதோ அதுதான் அந்தக் கட்டடத்தின் பலம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். கொண்டுவருகிறவன் யோக்கியனாக இருந்தால் நல்ல ஏற்பாடுதான்.

யோக்கியன் இல்லாதவன் என்ன செய்வான் என்றால், தன் குடோனில் சிமெண்டை அள்ளிக் கொட்டி ஒரே நாளில் ஏகப்பட்ட கியூப் வார்த்து அடுக்கிவைப்பான். எந்த வேலைக்கு வேண்டுமோ அந்தத் தேதியை எழுதி அனுப்புவான். அப்படி அனுப்பியவர்களில் ஒரு காண்ட்ராக்டரை எனக்குப் பார்க்கவே பிடிக்காது. காரை விட்டு இறங்க மாட்டார், ஹாரன் அடித்துத்தான் எங்களைக் கூப்பிடுவார். ஒருமுறை அவருடைய கியூபைத் தூக்கியபோது, இருபத்தெட்டு நாளுக்கு முந்தைய தேதி என் உள்ளங்கையில் சிவப்பாக ஒட்டிக்கொண்டது. பெயிண்டே காயவில்லை.

மேனேஜரிடம் கையைக் காட்டினேன்.

"கையக் கழுவிட்டு வேலையப் பாரும்மா" என்றார்.

கழுவினேன். வேலையைப் பார்த்தேன். கையெழுத்தும் போட்டேன். அந்த ஆளைக் கேவலமாகப் பேசும்போதெல்லாம் இதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன், சுருளிப்பட்டிக்குப் போகிற பக்கம் ஒரு ஊரில், பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வகுப்பறை கட்டும் வேலை அந்தக் காண்ட்ராக்டருக்குக் கிடைத்தது. வேலை பாதி நடந்துகொண்டிருந்தபோது ஒரு பெண் எங்கள் ஆபீசுக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். திராட்சைத் தோட்டத்தில் கொடி கட்டுகிற வேலை. அந்தப் பள்ளிக்கூடத்தின் பெற்றோர் குழுவுக்குத் தலைவர் என்று சொன்னார்.

"கியூப் போடுற அச்சு மூணு வேணும். ரெண்டு நாள்ல தந்துருவேன்."

நான் நாற்காலியை விட்டு எழவில்லை. "அதெல்லாம் இஞ்சினியருக முன்னால எடுக்கணும். நீங்க போட்டா எடுபடாது" என்றேன்.

"எட்டு வருசம் சித்தாளா கலவை சொமந்தவ நான். மொத ரூமுக்கு மேல்தளம் ஊத்துனப்ப பாத்தேன், தண்ணியா ஓடுது. இஞ்சினியரு வந்தாக, கார்லயே உக்காந்திருந்தாக, போயிட்டாக. நாளைக்கு ரெண்டாவது ரூமு. அச்சக் குடுங்க."

ஆளை அனுப்பினால் போதும் என்றுதான் கொடுத்தேன். எப்படிக் குத்த வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் முடிக்க விடவில்லை. "மூணு அடுக்கு. அடுக்குக்கு முப்பத்தஞ்சு குத்து. தெரியும்" என்று சொல்லிக்கொண்டே அச்சுகளைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சொன்னபடி இரண்டே நாளில் அச்சுகள் திரும்பி வந்தன. கழுவி, துடைத்து, எண்ணெய் பூசியிருந்தது. இத்தனை வருடத்தில் எந்த இஞ்சினியரும் எனக்கு அப்படித் திருப்பித் தந்ததில்லை.

இருபத்தெட்டாம் நாள் மறுபடி வந்தார். யூரியா சாக்குக்குள் ஈரத்துணி சுற்றி மூன்று கியூப். எப்படியும் இருபத்தைந்து கிலோ இருக்கும். கம்பத்தில் பஸ் மாறித் தூக்கி வந்திருக்கிறார். தோட்டத்து மோட்டார் தொட்டியில்தான் ஊறப்போட்டாராம்.

முதல் கியூபை மெஷினில் வைத்தேன். நல்ல கான்கிரீட் கடைசிவரை முறைத்துக்கொண்டு நின்று, சத்தத்தோடு வெடிக்கும். இது வெடிக்கக்கூட இல்லை. எண் ஏறிக்கொண்டே வந்தது, பாதி வழியில் நின்றது, இறங்கியது. கதவைத் திறந்தால் ஜல்லி தனியாக, மணல் தனியாக உதிர்ந்து கிடந்தது. இருபது வர வேண்டிய இடத்தில் பத்து. அடுத்தது பதினொன்று. மூன்றாவதும் பத்து.

"நம்பரெல்லாம் எனக்கு வேணாம். பிள்ளைக உக்காரலாமா, கூடாதா?"

"கூடாது."

"அத எழுதிக் குடுங்க."

மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார். கியூப் கொண்டுவந்தவர் என்ற இடத்தில் அந்தப் பெண்ணின் பெயரை எழுதி, கையெழுத்தும் சீலும் வைத்துக் கொடுத்தேன். அவர் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் அந்தத் தாளைக் கொடுத்துவிட்டார்.

அந்த வாரமே காண்ட்ராக்டர் வந்தார். முதல் தடவையாகக் காரை விட்டு இறங்கினார்.

"ஏம்மா, கொடி கட்டுற பொம்பள போட்ட கியூபுக்கெல்லாம் சர்டிபிகேட் குடுப்பியா? அவ எருமத் தொட்டில ஊறப்போட்டிருப்பா. குத்தத் தெரியுமா அவளுக்கு?"

அதில் ஒரு நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல். சரியாகக் குத்தாத கியூப் பலம் குறைவாகத்தான் காட்டும்.

"அப்ப தளத்துலயே துளை போட்டு எடுப்போம் சார்" என்றேன். "அது அந்தம்மா போட்டதில்ல. நீங்க போட்டது."

மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் துளை போட்டுப் பார்க்கச் சொல்லி கலெக்டர் ஆபீஸிலிருந்து உத்தரவே வந்துவிட்டது.

துளை போடும் மெஷினோடு போனோம். அந்த வேலையை மேற்பார்க்கிற அரசு இஞ்சினியர் எங்களுக்கு முன்பே வந்து தளத்தின் ஓரங்களில் சாக்பீஸால் வட்டம் போட்டுவைத்திருந்தார். அந்தப் பெண் படியேறி வந்து வட்டங்களைப் பார்த்தார்.

"அங்கன மட்டும் தனியா நல்ல கலவை கொண்டாந்து ஊத்துனாக. நடுவுல இங்கன போடுங்க."

"உனக்கென்னம்மா தெரியும், கீழ எறங்கு" என்றார் இஞ்சினியர்.

நான் மெஷினை நகர்த்தி அந்தப் பெண் நின்ற இடத்தில் வைத்தேன். இஞ்சினியர் தடுக்கவில்லை. தடுத்தால் காரணம் சொல்ல வேண்டுமே. உள்ளிருந்து உருவி எடுத்த கான்கிரீட் உருளை முழுக்கப் பொத்தலாக இருந்தது, என் கையிலேயே இரண்டாக முறிந்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் இஞ்சினியர் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார். கிளம்புகிறவரை நிமிரவே இல்லை. இன்னொரு அறையிலும் எடுத்தோம். அதுவும் அப்படித்தான். சோதனைக்கூடத்துக்கு வந்து முறியாத துண்டுகளை நசுக்கிப் பார்த்ததில் கியூபில் வந்த கணக்கேதான் வந்தது.

கோடை விடுமுறையில் இரண்டு தளத்தையும் இடித்தார்கள். சிமெண்ட் விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்று காண்ட்ராக்டர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். என்னை மேனேஜர் ஆறு மாதம் மண் சோதனைக்கு மாற்றினார். புதுத்தளம் ஊற்றிய நாட்களில் அந்தப் பெண் தோட்டத்து வேலைக்குப் போகாமல் கலவை மெஷின் பக்கத்திலேயே நின்றிருக்கிறார்.

திறப்பு விழாவுக்கு அவர்தான் என்னை அழைத்தார். மேடையில் காண்ட்ராக்டருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தரத்தில் குறை வரக்கூடாது என்று, தானே முன்வந்து இடித்துவிட்டுத் திரும்பக் கட்டிய நேர்மையாளர் என்று மைக்கில் அறிவித்தார்கள். அவர் கண்ணை மூடிக் கும்பிட்டு ஏற்றுக்கொண்டார். முதலில் கைதட்டியது அந்த இஞ்சினியர்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணிடம், "கேட்டீங்களா?" என்றேன்.

"போத்துனா போத்திட்டுப் போறாக" என்றார் அவர். "தளம் நல்லா இருக்கு. நான் பாத்து ஊத்துனது."

எனக்கு அந்தப் பெருந்தன்மை வரவில்லை. மேடையைப் பார்க்காமல் எழுந்து, அவரிடம் மட்டும் சொல்லிக்கொண்டு, கம்பம் பஸ்ஸுக்கு வந்து நின்றேன்.