புலி வாயில் குடித்தனம்

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைப் பட்டறை ஒன்றின் முற்றத்தில், கன்றுக்குட்டி அளவுள்ள புலி வாயைப் பிளந்து நிற்கிறது. சேத்தியாத்தோப்பில் நாளை திறக்கும் கடைக்கு அதை ஏற்றிப்போக வேன் வந்திருக்கிறது. வண்ணம் பூசும் செல்வி குறுக்கே நிற்கிறார்.

“வாய்க்குள்ள குருவி குஞ்சு பொரிச்சிருக்குதுங்க. வேற பொம்மைய எடுத்துக்கிட்டுப் போங்க.”

“உள்ளே அவ்வளவு இடமா?” என்கிறேன், பட்டறையைப் பார்க்க வந்த நான்.

“பெரிய பொம்மைன்னா உள்ள காலியாத்தான் வுடணும்ங்க. இல்லன்னா சூளையில வெடிச்சிடும்.”

புலியின் காதளவே இருக்கும் கருஞ்சிட்டு ஒன்று புழுவோடு வந்து, கோரைப்பற்களுக்கு நடுவே கூசாமல் நுழைகிறது. பிறகு வெளியே வந்து, புலியின் மூக்கில் உட்கார்ந்து பாடுகிறது.

காட்டில் புலி உறுமினால் எல்லாம் கப்சிப்பென்று அடங்கிவிடுமாம். இங்கே இந்தச் சிட்டு பாட, வேன்காரர் இன்ஜினை அணைக்கிறார்.