காயாரோகணத்தின் பார்

தரங்கம்பாடிக் கடலுக்கடியில் காயாரோகணத்துக்கு ஒரு பார் இருந்தது. பட்டா கிடையாது, அது இருக்கும் இடம் வேறு யாருக்கும் தெரியாது என்பதே உரிமை. வெளிச்சம் மங்கிய ஆழத்தில் சிவப்பாக ஒரு கல்திட்டு. அதன் பொந்துகளில் கலவா மீன் குடியிருக்கும். அவன் தூண்டில் போட்டுக் குடும்பம் நடத்தினான். பார் கண்டவன் ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிடுவது வழக்கம். காயாரோகணம் வழக்கங்களை மதிப்பவன், இந்த ஒன்றைத் தவிர.

"அது கல்லு இல்லப்பா, பாசி," என்றாள் கல்லூரிக்குப் போய்வரும் மகள் சுவேதா. "உடம்புல சுண்ணாம்பு கட்டி, ஒண்ணு மேல ஒண்ணா வளந்து பாராயிருக்கு. உசுரோட இருந்தாத்தான் செவப்பு. செத்தா வெளுத்துடும்."

"பாசின்னா வழுக்கணும்டி. இது ஈயக்குண்டையே நசுக்குது."

இடம் காட்டும் ஜி.பி.எஸ். கருவியில் பதிந்தால் எவனாவது பார்த்துவிடுவான் என்று அவன் கருவி வைத்துக்கொள்ளவில்லை. கடலிலிருந்து பார்க்கையில் கோட்டை மூலையும் கோயில் கோபுரமும் ஒரே கோட்டில் ஒன்றன்பின் ஒன்றாக வரவேண்டும். சர்ச் கூம்பும் தண்ணீர்த் தொட்டியும் அதே மாதிரி. இரண்டு கோடும் வெட்டும் இடம் பார்.

அந்த ஓட்டைத் தொட்டியை இடித்தபோது ஊரே கைதட்டியது. காயாரோகணம் மட்டும் எழவு வீட்டுக்காரனைப் போல நின்றான். காரணம் கேட்டவர்களிடம் சொல்ல முடியாது என்பதுதான் அந்தத் துக்கத்தின் விசேஷம்.

அதன்பின் இரண்டு வருஷமாக மிச்சமிருந்த ஒற்றைக் கோட்டின் மேல் போவதும் வருவதுமாகத் தேடினான். அடியில் இருப்பது கல்லா மணலா என்று அறிய, கயிற்றில் கட்டிய ஈயக்குண்டின் அடியில் சோப்புத் தடவி இறக்குவான்; மணல்தான் ஒட்டி வரும். படகில் பாதிப் பங்கு மனைவியின் தம்பி வீரமணிக்கு. அவனுக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது.

"இன்னிக்கும் இல்லன்னா போட்டை வித்துடலாம் மாமா. வாட்ச்மேன் வேலைக்கு நானே சொல்லிவிடுறேன். தொப்பியெல்லாம் குடுப்பான்."

வெயில் உச்சிக்கு ஏறியபோது குண்டு எதிலோ மோதியது கயிற்றில் தெரிந்தது.

"கல்லுடா மச்சான்! கல்லு!"

அவசரமாக இழுத்தான். சோப்பில் வெள்ளை வெளேரென்று ஒரு துண்டு ஒட்டியிருந்தது. கூடவே பச்சை நைலான் நூல்.

வீரமணி நூலைப் பார்த்தான், கரையைப் பார்த்தான். "இங்கயா மாமா? போன வருசம் விசைப்படகுக்குப் போனப்ப எங்க இழுவலை மடி இங்கதான் கிழிஞ்சுது. அப்புறம் சங்கிலி கட்டி, திரும்பத் திரும்ப இழுத்து ஒடச்சோம்."

"பார்னு தெரியலையாடா?"

"தெரிஞ்சா சுத்திப் போயிருப்போம்ல? எல்லாப் பாரையும் ஊர்ல சொல்லி வச்சிருக்காங்க. இதை யாரு சொன்னா?"

காயாரோகணம் குண்டைத் துடைத்து மறுபடி சோப்புத் தடவினான்.

"அதான் செத்துப்போச்சே மாமா."

"ஓரத்துல கொஞ்சம் செவப்பு இருக்கும்டா. போட்டைத் தள்ளிப் புடி," என்றான். கயிறு இறங்கிக்கொண்டே இருந்தது.