விளையாட்டுக்குள் படகுத்துறை வந்த கதை

ஆலங்குடா விடுதியில் எல்லாருக்கும் குசினி ஜெமீலாவைக் கண்டால் ஒரு பயம். சமையலுக்கு இல்லை, அவவின் கேள்விக்கு. புது அடுப்பு வந்தால் கழற்றி உள்ளே பார்ப்பா. தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை ஊரைவிட்டு விரட்ட, எருக்கலம்பிட்டியிலிருந்து வள்ளத்தில் வந்து கல்பிட்டியில் இறங்கியபோது சனமெல்லாம் அழுதுகொண்டு நிற்க, எஞ்சினுக்கு எண்ணெய் எங்கே ஊத்துறது என்று கேட்டு வாப்பாவிடம் குட்டு வாங்கின ஆள்.

சண்டை முடிந்து கடற்கரையில் விடுதிகள் முளைத்த காலம். ஜெர்மன்காரி ஒருத்தி ஒரு விளையாட்டுப் பெட்டியை விட்டுப்போனா. அது ஜெமீலாவின் கையில் சிக்கினால் விடுவாவா? உள்ளே சின்ன மர ஆட்களும் படம் போட்ட சதுர அட்டைகளும். பாதை, கோட்டை, வயல். பாதைக்குப் பாதை, வயலுக்கு வயல் பொருந்த வைத்துக்கொண்டு போனால் மேசையில் ஒரு ஊர் விரியும். நம்ம மர ஆளை நிறுத்தினால் அந்த இடம் நமக்கு. வயலில் மட்டும் ஆளைப் படுக்க வைக்கவேணும். கால் தொழுகிற கிப்லாப் பக்கம் நீளக்கூடாது என்று ஜெமீலா தானாக ஒரு சட்டம் சேர்த்தா. அடுத்த வருசம் வந்த ஜெர்மன்காரியும் மறுபேச்சில்லாமல் அப்படியே படுக்க வைத்தா.

எதிராளி கத்தரினா. விடுதியில் படுக்கை விரிப்புக் கழுவுகிறவள், மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை, ஜெமீலாவைவிட இளையவள். விருந்தாளிகள் கடலுக்குப் போன மத்தியானங்களில் இருவரும் குசினி மேசையில் குந்துவார்கள். கத்தரினா ஒருநாளும் வென்றதில்லை. மறிக்கிறதில் ஜெமீலா பொல்லாத கெட்டிக்காரி. கத்தரினாவின் கோட்டைக்கு இனி எந்த அட்டையும் பொருந்தாதபடி பக்கத்தில் ஒன்றைச் செருகிவிடுவா. கோட்டை மூடாது, உள்ளே நின்ற ஆள் கடைசிவரை அங்கேயே.

பிறகு கத்தரினாவுக்கு இத்தாலி விசா வந்தது. அங்கே அக்கா வேலை பார்த்து வைத்திருந்தாள். "ராத்தாவை ஒருக்கா வெண்டுட்டுத்தான் பிளேன் ஏறுவன்" என்று ஜெமீலாவிடம் சொன்னாள். பகிடிதான். ஆனால் டிக்கெட் போடவில்லை. ஜெமீலாவும் சிரித்தா, அன்றிலிருந்து இன்னும் கவனமாக மறித்தா. கட்டின மாப்பிள்ளை கட்டாரில் வேலை. இவளும் போனால் மனம்விட்டுக் கதைக்க ஆளில்லை. அதை வாய்திறந்து சொல்வாவா? மாட்டா.

ஜெர்மன்காரி அடுத்த முறை வந்தபோது ஒரு சின்னப் பை கொண்டுவந்தா. கைப்பிடி அளவு புது அட்டை, ஒவ்வொன்றிலும் ஒரு படகுத்துறை. கடற்கரையில் வழிகாட்டியாக நிற்கும் நளீர் அவவிடம் கேட்டுச் சொன்னான்: புதுத் துறை ஒன்றை வைத்தால், பழைய துறையைத் தொட்டு நிற்கிற நம்ம ஆட்களைத் தூக்கி, புதுத் துறை தொடுகிற இடத்தில் இறக்கலாம். அது மற்றவரின் கோட்டையானாலும் சரி. அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? ஜெமீலாவின் மறிப்பெல்லாம் ஒரே நாளில் பாழ். அடைத்துப்போட்ட ஆள் எழும்பி வந்து அவவின் கோட்டையிலேயே பங்கு கேட்டது. முன்பு பக்கத்து அட்டையைப் பார்த்தால் போதும். இப்போது மேசையின் மற்றத் தொங்கலையும் பார்க்கவேணும். ஒன்றுக்கும் உதவாத மூலைக்கெல்லாம் மவுசு. ஜெமீலாவுக்குக் கோபமும் வந்தது, ஆசையும் வந்தது. அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தா. "இத்துணூண்டு மட்டைக்குள்ள இவ்வளவு சைத்தான் வேலையா, புள்ள?" மயிரிழையில் தப்பித் தப்பி வென்றுகொண்டிருந்தா.

ஒரு வெள்ளிக்கிழமைப் பின்னேரம், கத்தரினாவின் கையில் கடைசி அட்டை. துறை அட்டை. ஜெமீலாவின் பெரிய கோட்டையைத் தொட்டாற்போல் அதை வைத்தால், பழைய துறையோரம் மாட்டிக்கிடக்கிற அவளின் இரண்டு ஆட்களும் உள்ளே வந்துவிடுவார்கள். உள்ளே ஜெமீலாவுக்கு ஒரு ஆள்தான்; ஆள் கூடினவருக்கே கோட்டை. கோட்டை போச்சு, ஆட்டமும் போச்சு. ஜெமீலா உடனே கண்டுவிட்டா.

கத்தரினா அட்டையைத் திருப்பினாள், பிறகும் திருப்பினாள். கை மெல்ல ஒரு வெறும் ஓரத்துக்குப் போனது. ஜெமீலா அவளின் முகத்தைப் பார்த்தா. கள்ளி, இவளும் கண்டிருக்கிறாள்.

பேசாமல் இருந்தால் போதும், ஆள் இங்கேயேதான். ஜெமீலா எட்டி அவளின் மணிக்கட்டைப் பிடித்தா.

"அங்க இல்ல புள்ள. இங்க வை."

"தெரியும், ராத்தா." கை அசையவில்லை.

ஜெமீலா அட்டையை அவளிடமிருந்து வாங்கித் தன் கோட்டைக்குப் பக்கத்தில் வைத்தா. கத்தரினாவின் இரண்டு ஆட்களையும் தானே தூக்கி வந்து உள்ளே நிறுத்தினா.

"வெண்டுட்டாய்," என்றா. "இனி டிக்கெட்டைப் போடு."